கணினியின் துடிப்பும் மலைநாட்டுக் குளிரும்

தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு உலர்த்தி யந்திரத்தைத் தெரிந்திருக்கும். உருட்டி நொதிக்கவைத்த கொழுந்து, துளைத் தட்டுகளின்மீது மெல்ல நகர்ந்து, 90 முதல் 100 பாகை வரையிலான வெப்பக் காற்றிலே காய்ந்து, கறுத்த தேயிலையாக வெளிவரும். தட்டுகளின் வேகத்தைச் சற்றே கூட்டினால் மணிக்கு அதிகத் தேயிலை கிடைக்கும். கண்ணுக்கு அது நல்ல சரக்காகவே தோன்றும். ஆயின் நூற்றுக்கு மூன்று பங்களவில் நிற்கவேண்டிய ஈரம் அதற்குமேல் தங்கிவிட்டால், பொதிக்குள்ளே வாரக்கணக்கில் கிடந்து மணம் கெடும். குற்றம் வெளிப்படும்போது சரக்கு எங்கோ, தொழிற்சாலை எங்கோ! சூட்டை ஏற்றி ஈடுகட்டலாம் என்று முனைந்தாலோ, இலையின் வெளிப்புறம் பொருக்குத் தட்டி உள்ளீரம் அப்படியே அடைபட்டுப் போகும். வேகம், வெப்பம், காற்று ஆகிய மூன்றையும் ஒருங்கே பிடித்து நிறுத்துவதுதான் டீமேக்கரின் கலை.

கணினி உலகிலும் இதனை ஒத்த கலை ஒன்று உண்டு. அதற்கு ஓவர்குளொக்கிங் என்று பெயர். செயலியை, அதனைச் செய்தவர் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே ஓடவைப்பதே அது. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் உதிரிப் பாகங்களை வாங்கித் தாமே கணினி பொருத்திக்கொள்ளும் இளைஞர்களுக்கு இந்தச் சொல் புதிதன்று. ‘நமக்குத்தான் இயற்கையே குளிரூட்டுகிறதே’ என்ற எண்ணமும் அவர்களுக்கு இயல்பாகத் தோன்றுவது. அந்த எண்ணத்திலே உண்மை உண்டு. ஆயின் முழு உண்மை அன்று.

கணினியின் உறுப்புகள் யாவும் அமரும் பெரிய மின்சுற்றுப் பலகையைத் தாய்ப்பலகை என்கிறோம். அதிலே மாறாத வேகத்தில் அதிரும் சிறு படிகம் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, செக்கனுக்குப் பத்துக் கோடி துடிப்புகள், அதாவது 100 மெகாஹெர்ட்ஸ், உண்டாக்கப்படுகின்றன. செயலி அதனைத் தன் பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கெண் 55 ஆயின் வேகம் 5,500 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் ஒரு படி வேலை முடிந்தாக வேண்டும்.

இதனைத் தோட்டத்து நிறுவையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குறித்த வேளையில் கொழுந்து நிறுக்கிறார்கள். அருகில் உள்ளவர்கள் முன்னமே வந்துவிடுவார்கள். மலையின் கடைக்கோடியில் கொழுந்து பறிப்பவர் கடைசியாக வந்து சேருவார். அவரும் வந்து சேரும்வரை நிறுவை காத்திருக்கும்படிதான் நேரம் வைக்கப்பட்டிருக்கிறது. நிறுவையைப் பத்து நிமிஷம் முன்தள்ளினால் ஒரு தீங்கும் நேராது. மேலும் பத்து நிமிஷம் முன்தள்ளினால் கடைக்கோடியில் உள்ளவரின் கொழுந்து கணக்கில் ஏறாமல் போகும். மற்ற எல்லாம் சரியாகவே நடந்ததாகத் தோன்றும். சில்லுக்குள்ளும் மிக நீண்ட பாதையில் வரும் மின்குறிதான் முதலில் பிந்துகிறது. மின்னழுத்தத்தைக் கூட்டுவது, வருபவர்களை விரைந்து நடக்கச் செய்வது போன்றது. அதற்கு விலை, வெப்பம்.

செய்பவர்கள் குறிக்கும் வேகத்தில் பாதுகாப்புக்காக ஒரு மிச்சம் விட்டிருப்பார்கள். அந்த மிச்சத்தை எடுத்துக்கொண்டவர்களின் கதைகளில் புகழ்பெற்றது 1998ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் செலரோன் 300ஏ. மலிவான அந்தச் செயலியின் பெருக்கெண் 4.5, ஆதாரத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். எபிட் நிறுவனத்தின் பிஎச்6 போன்ற பலகைகளிலே ஆதாரத் துடிப்பை 100 ஆக மாற்றியதும் 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450இல் ஓடியது. வாங்கிய பணத்துக்கு ஒன்றரை மடங்கு வேகம்! அக்காலத்து மாணவர்கள் அதனை மறக்கவில்லை. இன்றைய செயலிகளில் அவ்வளவு மிச்சம் கிடையாது. நிலைமைக்கு ஏற்பத் தாமே வேகத்தை ஏற்றி இறக்கும் ஏற்பாடு அவற்றுக்குள்ளேயே இருப்பதால், மிச்சத்தின் பெரும்பகுதியைச் செய்தவர்களே எடுத்துக்கொண்டு விட்டார்கள்.

துடிப்புக்கும் வெப்பத்துக்கும் உள்ள பகை பழமையானது. அதிலே தேயிலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. உலகில் வர்த்தக அலுவலுக்கென முதன்முதலாக வழக்கமாக ஓடிய கணினியைச் செய்தது, இங்கிலாந்தில் தேநீர்க்கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனம். லியோ என்ற அந்தக் கணினி 1951 நவம்பரில் ரொட்டி, கேக் வகைகளின் மதிப்புக் கணக்கைப் போடத் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் 1949இல் இயங்கிய எட்சாக் அதற்கு முன்மாதிரி. செக்கனுக்கு ஐந்து இலட்சம் துடிப்புகள்தாம் அதன் வேகம். எண்கள் பாதரசக் குழாய்களுக்குள் ஒலி அலைகளாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பாதரசத்தின் சூடு மாறினால் ஒலியின் வேகமும் மாறும். எண்கள் துடிப்போடு இசையாமல் பிசகிவிடும். ஆகவே வெப்பநிலையைக் கட்டிக்காப்பது அன்றே கணினிக்காரரின் கவலையாய் இருந்தது.

இன்றைய சில்லில் எழும் வெப்பத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. துடிப்பு கூடிய விகிதத்தில் வெப்பம் கூடும். மின்னழுத்தம் கூடினாலோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் கூடும். வேகத்தை நூற்றுக்குப் பத்து உயர்த்தி, அதனைத் தாங்க மின்னழுத்தத்தையும் நூற்றுக்குப் பத்து உயர்த்தினால், வெப்பம் பத்தோ இருபதோ அன்று, முப்பத்துமூன்று பங்கு உயரும். கிடைத்த வேகம் பத்து. கொடுத்த விலை முப்பத்துமூன்று.

இனி மலைநாட்டுக் குளிருக்கு வருவோம். நுவரெலியா நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலும், அட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலும் உள்ளன. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவு. கொழும்பிலோ 28 பாகைக்குக் கிட்ட. ஆக, மலைநாட்டான் பன்னிரண்டு பாகை முன்னதாகவே ஆட்டத்தைத் தொடங்குகிறான். ஆயின் அந்த உயரத்திலே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். விசிறி ஒரு சுற்றுக்குத் தள்ளும் காற்றின் கனஅளவு மாறாது. அந்தக் காற்றின் நிறை குறைந்துவிடும். வெப்பத்தைச் சுமந்து செல்வது நிறையே அன்றி வெற்றிடம் அன்று. கொழும்பில் அறை வெப்பத்துக்கு மேல் 50 பாகை ஏறும் செயலி, நுவரெலியாவில் அதே விசிறியோடு 55 பாகையோ அதற்குச் சற்று மேலோ ஏறும் என்று கணக்கிடலாம். அங்கே 78, இங்கே 71 அல்லது 73. குளிர் கொடுத்த பன்னிரண்டிலே பாதியை மெல்லிய காற்று திரும்ப வாங்கிக்கொள்கிறது. நீரால் குளிரூட்டும் சாதனங்களுக்கும் இதிலிருந்து தப்பில்லை. அந்த நீரும் இறுதியில் விசிறிக் காற்றிடமே வெப்பத்தை ஒப்படைக்கிறது.

ஈரம் பற்றிய அச்சத்தைப் பெரும்பாலோர் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள். மலையின் மூடுபனி கணினிக்குள் நீராய்ப் படியும் என்று அஞ்சுவார்கள். ஓடும் கணினி அறையிலும் சூடானது; சூடான பொருளில் பனி படியாது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கிய பலகையை மேலே கொண்டுவருவதிலும் இந்த அபாயம் இல்லை. பழுதுபார்க்கக் கீழே கொண்டுபோகும்போதுதான் கவனம் வேண்டும். மலைக்குளிரில் ஊறிய பலகையைக் கொழும்பின் புழுங்கும் காற்றிலே உடனே பிரித்தால், மூக்குக்கண்ணாடியில் படிவதுபோல் அதன்மீது நீர் படியும். உறையைப் பிரிக்காமல் சில மணி நேரம் வைத்திருந்து பின்னரே மின்சாரம் கொடுக்கவேண்டும். வீட்டுக்குள் விறகடுப்பு எரியுமாயின் அதன் புகைக்கரி வேறொரு பகை. அது விசிறியிலும் வெப்பத் தகடுகளிலும் பிசினாய்ப் படிந்து காற்றை அடைத்துவிடும்.

உலக சாதனைகளைப் பார்த்து ஏமாறுவோரும் உண்டு. 2024 மார்ச்சில் எல்மோர் என்ற புனைபெயருடைய சுவீடன் நாட்டவர் இன்டெல் செயலி ஒன்றை 9,117 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு ஏற்றினார். செய்தவர்கள் அதற்குக் குறித்திருந்த உச்சம் 6,200. அவர் பயன்படுத்தியது திரவ ஹீலியம். பூச்சியத்துக்குக் கீழே 269 பாகையில் கொதிப்பது. அந்த வேகம் அளவெடுக்கும் சிறு பொழுதுக்கு நின்றாற் போதும். மறுநாள் காலையில் அதிலே கடிதம் அச்சடிக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

வீட்டுக் கணினிக்கு அதனினும் பயனுள்ள பாடம் வேறிடத்தில் கிடைத்தது. 2023, 2024ஆம் ஆண்டுகளிலே இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்ரகச் செயலிகள் பல காரணம் விளங்காமல் தடுமாறின. விளையாட்டு மென்பொருள்கள், ‘காட்சி நினைவகம் போதாது’ என்று சம்பந்தமில்லாத குற்றத்தைக் கூறி நின்றன. பழுது இருந்ததோ செயலியில். சில வேளைகளில் செயலியே அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டது என்பதும், பல தாய்ப்பலகைகள் வரம்புகளைத் தளர்த்தி வைத்திருந்தன என்பதும் பின்னர் தெரியவந்தன. 253 வாட் என்று இருக்கவேண்டிய இடத்தில் 4,096 வாட், அதாவது வரம்பே இல்லை என்ற பொருளில், எழுதிவைத்த பலகைகளும் இருந்தன. பயனாளர் எதனையும் தொடவில்லை; பெட்டியிலிருந்து எடுத்த நாளிலேயே அது மிகைவேகப் பலகை! 2024 ஆகஸ்டில் திருத்தம் வந்தது. உத்தரவாதக் காலம் இரண்டு ஆண்டுகள் நீட்டப்பட்டது. ஆயினும் ஏற்கெனவே கெட்ட சில்லைத் திருத்தத்தால் குணமாக்க இயலவில்லை. 2023 ஏப்ரலில் ஏஎம்டி செயலிகள் சில மிகை மின்னழுத்தத்தால் பலகையிலேயே கருகியபோது, அந்நிறுவனமும் அதன் ஒரு பகுதிக்கான மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்கு மேற்போகாமல் கட்டியது.

ஆகையால் விலையுயர்ந்த பலகை ஒன்றைப் பொருத்துவோரின் முதல் வேலை வேகத்தைக் கூட்டுவது அன்று; பலகை தானாகவே எதையெல்லாம் கூட்டி வைத்திருக்கிறது என்று பார்ப்பது. பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்து, மின்வரம்புகளைச் செயலி செய்தவர் சொன்ன அளவுக்கு இறக்கவேண்டும். அந்தப் புதுப்பித்தலின் நடுவே மின்சாரம் நின்றால் பலகை விழிக்காமலே போகலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மலையைச் சூழும் என்பது நேயர்கள் அறிந்ததே. காலை வேளையில், யுபிஎஸ் எனப்படும் மின்சேமிப்புப் பெட்டியின் துணையோடு செய்வதே தக்கது. நிலக்கம்பி சரியாக இருக்கிறதா என்பதையும் மின்வினைஞரைக் கொண்டு பார்த்துக்கொள்வது நலம். இடிமின்னல் மின்கம்பியால் மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பியாலும் வரும்.

அதன்பின் நினைவகத்தை அதற்குரிய வேகத்தில் வைத்து, அதனை மட்டும் ஓரிரவு முழுதும் சோதிக்கவேண்டும். செயலியின் பெருக்கெண்ணை அதற்குப் பிறகுதான், ஒவ்வொரு படியாக, தொடுவது. ஒரே நாளில் மூன்றை மாற்றியவன் பிழை வந்தால் எதனைக் குற்றஞ்சாட்டுவான்? வேகத்தைக் கூட்டாமல் மின்னழுத்தத்தை மட்டும் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்ப்பதும் உண்டு. அதே வேகம், குறைந்த சூடு, குறைந்த மின்கட்டணம். சாதனைப் பட்டியலில் இடம் கிடைக்காது என்பதைத் தவிர அதிலே குறை ஒன்றும் காணோம்.

விளையாட்டின்போது கணினி நின்றுபோனால் நட்டம் சிறிது. நில்லாமல் பிழைசெய்வதே பெரிது. கொழுந்து நிறை பதினெட்டுக் கிலோ என்று ஒரு பெயருக்கு நேரே பதிவதாகக் கொள்வோம். கணினியின் இரும எண்ணிலே 18 என்பது 10010. அதன் முதல் இலக்கம் ஒன்று மட்டும், ஒரு பிந்திய துடிப்பினால், பூச்சியமாக மாறினால் மிஞ்சுவது 00010. அதாவது 2. கணினி நிற்காது, எச்சரிக்காது; அந்த இரண்டை அழகாக அச்சிட்டுக் கொடுக்கும். நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும் தோட்டங்களிலே, அன்று முழுவதும் மழையில் நின்று பறித்தவரின் கூலி அந்த ஓர் இலக்கத்தில் தொங்குகிறது. அவர் வந்து கேட்கும்போது, ‘கணினி சொல்கிறது’ என்ற பதிலே கிடைக்கக்கூடும். செக்ரோலும் சம்பளக் கணக்கும் போடும் கணினி, குறித்த வேகத்தில், இயலுமாயின் பிழைதிருத்தும் நினைவகத்தோடு, இருக்கவேண்டும். வீட்டிலுள்ள ஒரே கணினியில் இரவில் விளையாட்டும் பகலில் பிறருடைய கணக்கும் நடக்குமாயின், பயோஸிலே இரண்டு அமைப்புகளைத் தனித்தனியாகச் சேமித்து வைக்கலாம்; உயர்ரகப் பலகைகள் பலவற்றில் அதற்கு வசதி உண்டு.

சோதனைக்குரிய காலத்தையும் சொல்லவேண்டும். ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் நுவரெலியாவின் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் தேறிய அமைப்பை நம்பிவிடக் கூடாது. வசந்தகாலக் கொண்டாட்டத்துக்காகக் கொழும்பிலிருந்து வண்டி வண்டியாகச் சனம் வந்திறங்கும் ஏப்ரல் மாதத்தில், சாளரத்தைச் சாத்தி, பிற்பகல் இரண்டு மணிக்கு அதே சோதனையை மறுபடி ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். அதிலே பிழை ஒன்று தோன்றினாலும் பெருக்கெண்ணில் ஒரு படி இறக்கிவிடுவது. பின்னர் மறுபடி முதலிலிருந்து.