திரையில் தோன்றும் மரவண்டி

பழைய ஆங்கிலத் திரைப்படங்களில், பின்னுடலில் மரச்சட்டம் பூண்ட சிறு மோட்டார் வண்டியைக் கண்டிருப்பீர்கள். அது எவ்வண்டி? மரத்தைக் கண்டதுமே 'மாரிஸ் மைனர் டிராவலர்' என்று துணிந்து நானும் ஏமாந்ததுண்டு.

முதலில் சக்கரங்களை நோக்குங்கள். 10 அங்குலச் சிறு சக்கரமாயின் அது 1960-இல் வெளிவந்த மினி வகை. அதன் மரம் ஒட்டிவைத்த அணிகலனே. 1953-இல் தோன்றிய மைனர் டிராவலரிலோ ஆஷ் மரச்சட்டமே பின்னுடலைத் தாங்கும் எலும்பு. அது உளுத்தால் வண்டியே தளரும்.

அடுத்து, முன்கண்ணாடி. மைனரில் 1956 வரை அது நடுவே பிரிந்திருந்தது, பின்னர் ஒன்றாயிற்று. ஆகவே, 1954-இல் நிகழும் கதையில் ஒற்றைக் கண்ணாடி டிராவலர் ஓடுமாயின், படமெடுத்தோர் காலம் தவறினர் என்று அறியலாம். மரம் கண்ணைக் கவரும். ஆண்டைச் சொல்வது கண்ணாடியே.