மலைநாட்டு ஆசிரியரும் மும்மொழிப் பயிற்சியும்

மலைநாட்டுத் தோட்டப் பாடசாலையில் ஆறாம் வகுப்பிலே பயிலும் சிறுவன் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்னும் மூன்று மொழிகளைக் கற்கின்றான். இவற்றோடு நான்காவதாக வேறொன்றும் உண்டு. லயத்திலே தாயும் பாட்டியும் பேச அவன் கேட்டு வளர்ந்த பேச்சுத் தமிழே அது. தமிழாசிரியர் தமிழை மட்டும் கற்பிக்கிறார்; ஆங்கில ஆசிரியர் ஆங்கிலத்தை மட்டும் கற்பிக்கிறார்; சிங்கள ஆசிரியர், அப்பாடசாலைக்கு ஒருவர் வாய்த்திருப்பின், சிங்களத்தை மட்டும் கற்பிக்கிறார். ஒன்றற்கும் மற்றொன்றற்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைக் கண்டறியும் கடினமான பணி பதினொரு வயதுப் பாலகனிடம் விடப்படுகின்றது. ஆசிரியரைப் பயிற்றும் கலாசாலைகள் கருத்திற் கொள்ளவேண்டிய முதற்குறை இதுவென்பது எம் துணிபு.

மலைநாட்டிலே ஆசிரியப் பயிற்சி மிகவும் பிந்தி வந்த ஒன்று. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துச் சிறுவர்க்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத் துரைமார்மேல் வைத்தது. அவ்வழி எழுந்த பாடசாலைகள் பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாய் நின்றன. எழுத்தறிந்தவர் எவரோ அவரே ஆசிரியர். 1945இல் இலவசக் கல்வி நாட்டிலே நடைமுறைக்கு வந்தபோதும் அதன் பயன் தோட்டங்களைச் சென்றடையவில்லை. 1970களில் அரசு இப்பாடசாலைகளைக் கையேற்ற பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. 1980களிற் கிடைத்த சுவீடன் நாட்டு உதவியும், ஜெர்மானிய உதவியோடு 1990களிற் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியும், கொட்டகலை ஆசிரிய கலாசாலையும் மலைநாட்டு இளைஞரையே மலைநாட்டின் ஆசிரியராக்கின. இது சிறிய சாதனையன்று. இனி வேண்டுவது பயிற்சியின் தன்மையிலே ஒரு மாற்றம்.

மொழியாசிரியர் தம் பாடத்தை அறிந்திருந்தால் மட்டும் போதாது. மாணவன் முன்னரே அறிந்த மொழி புதிய மொழிக்கு எங்கே துணையாகும், எங்கே இடராகும் என்பதையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். 'மம கெதர யனவா' என்னும் சிங்களத் தொடரை நோக்குக. 'நான் வீட்டுக்குப் போகிறேன்' என்பது அதன் பொருள். எழுவாய் முன்னும் பயனிலை இறுதியிலுமாக நிற்கும் முறை இரு மொழிக்கும் ஒன்றே. இதனை முதல் நாளிலேயே காட்டிவிட்டால் மாணவனின் அச்சம் பாதி நீங்கும். ஆங்கிலத்திலோ வினைச்சொல் இடையிலே வந்து நிற்கும். அங்கே வேறு விளக்கம் வேண்டும். மேலும், பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவன் ஆகிய மூன்றுக்கும் 'யனவா' என்ற ஒரே வடிவம் பொருந்தும். தமிழிலே போகிறேன், போகிறாய், போகிறான் என விகுதி மாறும். ஆதலின், சிங்களம் கற்கும் தமிழ்ச் சிறுவனுக்கு எளிதாகும் இவ்விடமே தமிழ் கற்கும் சிங்களச் சிறுவனுக்குக் கடினமாகின்றது.

ஒலியிலே இடர் மிகுதி. சிங்களத்தில் 'கந்த' என்னும் சொல்லின் நகரத்தை நிறைவாக ஒலித்தால் மலை என்று பொருள்; அதனைக் குறுக்கி ஒலித்தால் மரத்தின் அடி என்று பொருள். இவ்வேறுபாடு தமிழில் இன்மையால், செவிக்குப் பயிற்சி தராது 'பிழை' என்று மட்டும் கூறித் திருத்துவதாற் பயனில்லை. சொற்களும் இத்தகையனவே. மேசை, அலமாரி, ஜன்னல் என்பன போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தவை. அவையே சிங்களத்தில் மேசய, அல்மாரிய, ஜனேலய என வழங்குகின்றன. அக்கா இரு மொழிக்கும் பொது. ஆனால் சிங்களத்தில் ஐயா என்றால் அண்ணன். மல்லி என்றால் தம்பி. இவற்றைப் பயிற்சிக் காலத்திலே முறைப்படி கற்ற ஆசிரியர், வகுப்பிலே நகைப்புக்கு இடமாகும் தவற்றையும் பாடமாக்கிவிடுவார்.

இனி வீட்டுமொழியைக் காண்போம். ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டு, லயத்து அறையாகிய காம்பரா, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து முதலிய சொற்கள் அச்சிறுவனின் உலகம். இவற்றைக் கொச்சையென இகழும் ஆசிரியரிடத்து அவன் வாய்திறவான். ஒரு மொழியிற் கூசிய நா மற்றை மொழிகளிலும் கூசும். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டத்து மக்களின் பாடல்களைத் திரட்டி, 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாகத் தந்தார். அத்தகைய நூல்கள் பயிற்சிக் கலாசாலையிற் பாடமாதல் வேண்டும். வீட்டுச்சொல்லைப் படியாகக் கொண்டு செந்தமிழுக்கு ஏற்றுவதே முறை.

'தமிழாசிரியனுக்குச் சிங்கள இலக்கணம் எதற்கு?' எனச் சிலர் வினவலாம். 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியபோது, அம்மொழியைக் கற்றல் அடிபணிதலாகும் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியது. அதற்குக் காரணமும் இருந்தது. ஆயினும் 1987இல் தமிழும் ஆட்சிமொழியெனச் சட்டம் ஏற்றது. 2007ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குப் பின் அரச சேவையிற் சேர்வோர் மற்றை ஆட்சிமொழியிலும் தேர்ச்சிபெற வேண்டுமென விதி பிறந்தது. ஆகவே இரு மொழியையும் ஒப்பிட்டறிந்த மலைநாட்டு ஆசிரியர், சிங்களவர்க்குத் தமிழ் கற்பிக்கவும் தகுதி பெறுவார். பிறமொழி அறிவால் தமிழ் குன்றாது என்பதற்கு, பன்மொழி பயின்று சொற்பிறப்பை ஆராய்ந்து, 1938இல் ஒப்பியல் அகராதியை வெளியிடத் தொடங்கிய நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரே சான்று.

ஆதலின் மூன்று காரியங்கள் உடனே ஆகவேண்டும். எப்பாடம் கற்பிக்க வருவோரும் தமிழ், சிங்களம், ஆங்கில இலக்கணங்களை ஒப்புநோக்கும் ஒரு பாடத்தைப் பயில்தல் முதலாவது. கற்பித்தற் பயிற்சியின் ஒரு பகுதியேனும் நகரப் பாடசாலையிலன்றித் தோட்டத்துச் சிறு பாடசாலையிலே நடைபெறுதல் இரண்டாவது. தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் பயிலும் கல்லூரிகளில் ஒருவர்க்கொருவர் தம் மொழியைக் கற்பித்துப் பழகுதல் மூன்றாவது.

பவணந்தி முனிவர் நன்னூலிலே நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிட்டார். ஐயத்தைத் தீர்த்தலும் நடுநிலை பிறழாமையும் நிறைகோலின் இயல்பு. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்து மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். அவர்தம் பிள்ளைகள் நாளை அரச அலுவலகத்திலே தமிழிற் பதில் கேட்கும் துணிவும், மருத்துவமனையிலே சிங்கள அறிவித்தலைப் படிக்கும் திறனும், உலகோடு ஆங்கிலத்தில் உரையாடும் வன்மையும் பெறுதல் வேண்டும். அதற்குரிய ஆசிரியரை ஆக்கித் தருமாறு கலாசாலைகளைக் கேட்டல் ஆசிரியச் சங்கங்களின் கடமையாகும்.