கன்றுக் கொட்டகைக்குள் ஒரு எட்டு!

வாங்க வாங்க, சத்தம் போடாம வாங்க! அந்த கம்பூட்ஸை மாட்டிக்கொண்டு, வாசலில் இருக்கிற கிருமிநாசினித் தண்ணீரில் காலை முக்கி எடுங்க. பால் கறக்கிற இடத்தைப் பார்க்க ஊரே வரும். பின்கட்டில் இருக்கும் கன்றுக் கொட்டகையை எட்டிப் பார்க்க ஆளில்லை. பண்ணையின் மொத்தப் பரபரப்பும் இங்கேதான் என்பது பலருக்குத் தெரியாது!

அதோ, இப்போதுதான் விழுந்த ஜெர்சிக் கலப்புக் கிடேரி. மூக்குச் சளியைத் துடைத்தாயிற்று, மூச்சு இன்னும் சரியாக வரவில்லை. பண்ணை அக்கா என்ன செய்கிறார் பாருங்க: ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து மூக்குக்குள் கிச்சுகிச்சு. அச்! அந்தத் தும்மலோடு மூச்சு ஓடத் தொடங்கிவிட்டது. கைதட்டாதீங்க, தாய்ப்பசு மிரளும்.

அடுத்தது தொப்புள்கொடி. உடம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி, வெட்டி, ஒரு குட்டிக் கிண்ணத்து டிஞ்சர் அயோடினில் முழுசாக முக்குகிறார்கள். பஞ்சால் ஒற்றினால் போதாது. அந்த ஈரக்கொடி கல்லீரல் வரை போகும் திறந்த பாதை. கிருமி அதில் ஏறி ரத்தத்தில் கலந்தால் கால் முட்டிகள் வீங்கிக் கன்று நொண்டும். அப்போது எல்லோரும் முட்டிக்குத் தைலம் தேய்ப்பார்கள். தொப்புளைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது!

இப்போது கதாநாயகன் வருகிறார்: சீம்பால். மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கொஞ்சம் வந்துவிடும். கன்றுக்கு அந்த வழி கிடையாது; பசுவின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. எல்லாம் சீம்பாலில்தான். அதை அப்படியே ரத்தத்துக்குள் விடும் குடல் வாசல் மணிக்கு மணி சாத்திக்கொண்டே வந்து, 24 மணி நேரத்தில் மூடிவிடும். அதனால் 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர். அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள்! நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் வழக்கம்தான் பல கன்றுகளுக்கு எமன். நமக்கோ வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிண்டித் தெருவுக்கே கொடுக்கிற நல்ல மனசு. கன்றுக்குக் கொடுத்ததுபோக மிச்சத்தைக் கிண்டுங்க சாமி!

சீம்பாலின் தரம் பார்க்கும் கருவியைப் பார்த்தால் சிரிப்பீங்க. கரும்புச் சாற்றின் இனிப்பை அளக்கிற அதே பிரிக்ஸ் மீட்டர்! ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். 22 தாண்டினால் அருமையான பால்.

புகட்டுவது காம்பு வைத்த பாட்டிலில். உறிஞ்சும்போது வயிற்றுக்குள் இருக்கும் ஒரு பள்ளம் தானாக மூடிக் குழாயாகி, பாலை நேரே நாலாம் இரைப்பைக்கு அனுப்பும். மூங்கில் குழாயால் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியலாம்.

டாக்டர் வந்தாச்சு! ஸ்டெதாஸ்கோப்புக்கு முன்னால் அவர் நீட்டுவது விரலை. கன்று அதை வெடுக்கென்று உறிஞ்சினால் அவர் முகத்தில் சிரிப்பு. வாய் சில்லிட்டு, கண் உள்ளே போயிருந்தால் உடனே நரம்பில் டிரிப். கழிச்சல்தான் இங்கே பெரிய வில்லன். வயதைக் கேட்டே ஆளை ஊகிக்கிறார்: முதல் நாலைந்து நாளில் என்றால் ஈ.கோலை பாக்டீரியா, ஒரு வாரம் தாண்டினால் ரோட்டா, கொரோனா வைரஸ்கள் (நமக்கு வந்தது வேறு, பயப்படாதீங்க). வைரஸுக்கு ஆன்டிபயாடிக் ஊசியால் பலனில்லை. கன்றைக் கொல்வது நீரிழப்பும் ரத்தத்தில் ஏறும் அமிலமும். எனவே உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த கரைசலை இரண்டு மணி இடைவெளிவிட்டுப் பாலுக்கு நடுவே புகட்டச் சொல்கிறார். பாலை நிறுத்தக் கூடாது. "ஊசி இல்லையா டாக்டர்?" என்று கேட்பவர் முகத்தில் என்ன ஏமாற்றம்!

அக்கா வாளியோடு கிளம்பிவிட்டார். நல்ல கன்றுகளுக்கு முதலில், கழிச்சல் கன்றுக்குக் கடைசியாக. மாறினால் அவர் கையே நோயைச் சுமக்கும்.

மூலையில் எருமைக் கன்று முறைக்கிறது. உருண்டைப் புழுவின் குஞ்சுகள் தாய்ப்பால் வழியாகவே வந்துவிடுவதால், பத்து நாள் வாக்கில் அதற்குப் பைப்பரசின் மருந்து. அளவு எடையைப் பொறுத்தது. டாக்டர் குறித்துக்கொடுத்த சீட்டு சுவரில் ஒட்டியிருக்கிறது. நகருங்க, அது முட்ட வருகிறது!