படுக்கையும் நடையும்

நம் இல்லங்களில் ஒருவர் நோயுற்றால், சுற்றி நிற்போர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் ஒன்று உண்டு. "அசையாமல் படுத்திருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பதே அது. அன்பினால் பிறக்கும் சொல்தான். ஆயினும் அன்பினால் செய்வன எல்லாம் நன்மையில் முடிவதில்லை. நோயிலிருந்து தேறுவதற்கு ஓய்வு எவ்வளவு வேண்டும், இயக்கம் எவ்வளவு வேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

தில்லியில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று. மகன் அரசாங்க ஊழியர். கும்பகோணத்திலிருந்து வந்த தாயார் அவருடன் மூன்றாம் மாடியில் வசித்தார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மையாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை செவ்வனே நடந்தது. மறுநாளே மருத்துவமனையில் அவரைத் தாங்கிப் பிடித்து எழுந்து நிற்கச் செய்தார்கள். வீடு திரும்பியதும் நிலைமை மாறிற்று. காப்பி கட்டிலுக்கு வந்தது. சோறும் கட்டிலுக்கு வந்தது. பேரப்பிள்ளைகள் மாறி மாறிக் கால் பிடித்துவிட்டார்கள். சில வாரங்கள் கழித்துப் படமெடுத்துப் பார்த்த மருத்துவர், எலும்பு நன்கு கூடிவருகிறது என்றார். ஆனால் அம்மையாரால் எழுந்து நிற்க இயலவில்லை. எலும்பு தேறியது, கால் தேறவில்லை.

இதற்குக் காரணம் யாது? தசை என்பது உழைத்தால் உரம் பெறுவது, உழையாவிடில் தேய்வது. நாம் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் கெண்டைக்கால் தசை சுருங்கி, கீழே தங்கும் இரத்தத்தை இருதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. அத்தசை ஓய்ந்தால் கால் நாளங்களில் இரத்தம் தேங்கி உறையக்கூடும். உறைந்த கட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. பாரம் தாங்காத எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழக்கிறது. மூட்டுகள் இறுகுகின்றன. எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் ஆற்றலும் குறைவதால் தலை சுற்றுகிறது. தலை சுற்றுவதைக் கண்டு பயந்து நோயாளியை மீண்டும் படுக்க வைக்கிறோம். இவ்வாறு படுக்கையே பலவீனத்தைத் தருகிறது. பலவீனமே படுக்கைக்குக் காரணமும் ஆகிவிடுகிறது.

இவ்வுண்மையை அளந்து காட்டிய சோதனை ஒன்று 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்தது. இருபது வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அவர்களுடைய உடல் உழைக்கும் திறன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே ஐவரையும் அழைத்து மீண்டும் சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்ததைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை பறித்ததே அதிகம் என்று தெரியவந்தது! ஐம்பது வயதைக் கடந்த அவர்கள் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்து, இழந்த திறனைப் பெரும்பாலும் மீட்டுக்கொண்டனர் என்பதும் கருதத்தக்கது.

மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் அசையவிடாது படுக்க வைப்பதே ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 1952-இல் பாஸ்டன் நகர மருத்துவர்களான லெவைனும் லௌனும், அத்தகைய நோயாளிகளை விரைவிலேயே நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதியபோது பலர் திகைத்தனர். இன்று மருத்துவமனைகளே அவர்களைச் சில நாட்களில் நடக்கப் பழக்குகின்றன. முதுகுவலியின் கதையும் இதுவே. ஹெல்சிங்கி நகரில் முதுகுவலியால் வருந்திய ஊழியர்களிடையே நடந்த ஆராய்ச்சி ஒன்று 1995-இல் வெளியாயிற்று. படுக்கையில் இரண்டு நாள் ஓய்வு கொண்டவர்களைக் காட்டிலும், வலி இடங்கொடுத்த அளவில் தம் அன்றாட அலுவல்களைச் செய்துவந்தவர்களே விரைவில் குணமடைந்தனர்.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். பிறர் நம் காலை மடக்கி நீட்டினால் மூட்டு இறுகாமல் இருக்கும். பிடித்துவிட்டால் இதமாக இருக்கும். தசைக்கு வலு ஏற வேண்டுமாயின் அத்தசை தானே உழைக்க வேண்டும். பக்கவாதத்தால் கை தளர்ந்தவரை, அக்கையைத் தாமே அசைக்க மீண்டும் மீண்டும் முயலச் சொல்வதும் இதனால்தான். அம்முயற்சியினாலேயே மூளை புதிய வழிகளைப் பழகிக்கொள்கிறது. ஒருவருக்காக மற்றொருவர் மருந்து வாங்கி வரலாம். நடந்து கொடுக்க இயலாது.

நோய் தீர்ந்தபின் மட்டுமல்ல, நோய் வாராதிருக்கவும் இயக்கம் வேண்டும். அக்காலத்தில் லண்டன் மாநகரின் இரண்டு அடுக்குப் பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ நாளொன்றுக்குச் சில நூறு படிகள் ஏறி இறங்குவார். இவர்களை ஒப்பிட்ட மருத்துவர் ஜெர்ரி மாரிஸ், நடத்துநர்களிடையே இருதய நோய் குறைவு என்று 1953-இல் எடுத்துக்காட்டினார். கடிதம் சுமந்து நடக்கும் தபால்காரர்களுக்கும் நாற்காலியில் அமரும் குமாஸ்தாக்களுக்கும் இடையிலும் அவ்வாறே வேறுபாடு இருந்தது. நாற்காலியில் அமர்ந்தே பிழைக்கும் நம்போன்றோர் இதனை மறத்தல் ஆகாது.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. ஊரில் நம் பெற்றோர் உடற்பயிற்சி என்ற பெயரையே எடுத்ததில்லை. வாசல் தெளித்துக் கோலமிட்டதும், கோயிலை வலம் வந்ததும், கடைத்தெருவுக்குச் சென்று வந்ததும் அவர்களை இயங்கச் செய்தன. நம்மிடம் வந்தபின் வாசல் இல்லை. தெருவில் பேச மொழி இல்லை. தில்லிக் குளிரும் புகையும் வெளியே விடுவதில்லை. சௌகரியமாக இருக்கட்டும் என்று நாமும் எல்லா வேலைகளையும் அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறோம். நோய் ஏதுமின்றியே அவர்கள் நோயாளிகள் ஆகிவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை விறுவிறுப்பாக நடப்பது போன்ற இயக்கம் கொள்ள வேண்டும். 65 வயதைக் கடந்தோர், கால் தடுமாறாதிருக்கவும் உடல் உரம் பெறவும் ஏற்ற பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளேனும் செய்தல் நலம். அவ்வளவு இயலாதவர்கள் இயன்றதைச் செய்யலாம். சிறிதளவும் பயன் தரும். நோயிலிருந்து தேறுவோர் மருத்துவரைக் கேட்டு அவர் வகுத்த அளவில் தொடங்க வேண்டும். மார்பில் வலி, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை நாட வேண்டும். கடுங்காய்ச்சலில் ஓய்வே மருந்து. அம்மருந்துக்கும் அளவு உண்டு என்பதே நாம் சொல்லவருவது.

கும்பகோணத்து அம்மையாரை மீண்டும் நடக்கப் பழக்க ஒரு பயிற்சியாளர் வந்தார். முதல் வாரம் கட்டிலோரத்தில் உட்கார்ந்து எழுவதே வேலை. பின்னர், பால்கனியிலிருந்த துளசிச் செடிக்கு அம்மையாரே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கட்டிலிலிருந்து அச்செடிக்குப் பன்னிரண்டு அடி தூரம். மகன் அருகில் நடந்தார், கையைப் பிடிக்கவில்லை. பழைய நடை முழுவதும் திரும்பிவிடவில்லை. கோல் ஊன்றித்தான் நடக்கிறார். எனினும் தம் காப்பியைத் தாமே சமையலறைக்குச் சென்று கலந்துகொள்கிறார். மகனுக்கும் ஒரு குவளை கொடுக்கிறார்.