வேலிக்குள் விட்ட நரி

நாய்க்கு வேட்டை பழக்கணும்னா காட்டில் விட்டுப் பழக்குவாங்க என்றுதான் நாம் நினைப்போம். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இதற்கென்றே பல ஏக்கரை வளைத்துக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். வேறெங்கோ உயிரோடு பிடித்த நரிகளையும், ஓநாய்க்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கும் கயோட்டிகளையும் விலைக்கு வாங்கி உள்ளே விடுகிறார்கள். பிறகு நாய்க் கூட்டத்தை அவிழ்த்து விடுவார்கள். போட்டியும் உண்டு. நாயின் விலாவில் பெயிண்டால் எண் எழுதி, நடுவர்கள் மார்க் போடுவார்கள்.

நடத்துகிறவர்கள் சொல்வதையும் கேட்போம். வெளியே விட்டால் நாய் ரோட்டில் அடிபடுது, அடுத்தவர் நிலத்தில் நுழையுது. இங்கே துரத்தத்தான் பழக்குகிறோம், கொல்வதில்லை, நரி ஒளியக் குழாய்கூட வைத்திருக்கிறோம் என்கிறார்கள்.

வங்கியில் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் பார்த்தே தலை நரைத்தவன் நான். கொல்வதில்லை என்றால் திரும்பத் திரும்ப நரி வாங்குவது எதற்கு? இருப்பு குறைகிறது என்றால் நாய் குதறியிருக்கணும், இல்லை ஓடி ஓய்ந்தோ நோயிலோ செத்திருக்கணும். சொந்தக் காட்டு நரிக்குத் தெரிந்த வளை உண்டு, ஓடை உண்டு. லாரியில் வந்து இறங்கியதுக்கு என்ன தெரியும்?

ஆடு மாடு வைத்திருக்கும் நமக்கு இன்னொரு கவலையும் இருக்கு. 1994 கடைசியில் ஃபுளோரிடாவில் நாய்களுக்கு வெறிநோய் வந்தது. பரிசோதித்தால், தெற்கு டெக்சாஸ் கயோட்டிகளிடம் சுற்றிய கிருமி வகை! நடுவில் மூன்று மாநிலங்கள். கயோட்டி நடந்தா வந்திருக்கும்? வேட்டை வேலிக்கு ஏற்றி வந்த சரக்கின் மீதுதான் சந்தேகம் விழுந்தது.

ஃபுளோரிடா 2010-இல் நரி வேலிகளைத் தடை செய்தது. வர்ஜீனியா 2014-இல் புதிய வேலிகளை நிறுத்தி, இருப்பதை மூட 40 வருஷம் அவகாசம் கொடுத்தது. வீட்டுக் கடனுக்குக்கூட நாங்கள் அவ்வளவு தவணை கொடுத்ததில்லை!

இங்கே முயலையோ நரியையோ பிடித்து அடைப்பதே 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம். அப்போ நாய்க்கு ஓட்டம் எப்படிப் பழக்குறது என்று சிப்பிப்பாறை, கன்னி வளர்க்கும் தம்பிகள் கேட்கலாம். வெளிநாடுகளில் தரையோடு கயிறு ஓட்டி, அதில் வெள்ளை பிளாஸ்டிக் பையைக் கட்டி மோட்டாரால் இழுக்கிறார்கள். முயல் மாதிரியே வளைந்து திரும்பி ஓடுது பை. பார்வையால் துரத்தும் நாய்களுக்கு அதுவே போதும். உயிரைக் கொடுத்து ஓடுதுங்க.