முடங்கிய முயல் எழுந்து ஓடியது!
கை நடுக்க நோய்க்கு அவரை விதையில் கிடைத்த மருந்து

கை நடுங்குகிறது. காபி தம்ளர் தளும்புகிறது. நடக்க எழுந்தால், கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுகிறது.

"வயதாகிவிட்டது" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அது பார்க்கின்சன் நோயாகவும் இருக்கலாம். லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது.

உடம்பு இஷ்டப்படி அசைய, மூளையில் 'டோபமைன்' என்ற பொருள் ஊற வேண்டும். அதைச் சுரக்கும் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதால்தான் இந்த நடுக்கம்.

இதற்கு மருந்து எங்கே கிடைத்தது தெரியுமா? அவரை விதையில்!

விழுங்கிப் பார்த்தார்

1913-ல் சுவிட்சர்லாந்தில் மார்க்கஸ் குக்கன்ஹைம் என்ற விஞ்ஞானி, ஒரு வகைப் பெரிய அவரையிலிருந்து 'லெவோடோபா'வைப் பிரித்து எடுத்தார். இரண்டரை கிராம் எடுத்துத் தாமே விழுங்கினார். வாந்திதான் மிச்சம்! பெரிய பயன் இல்லை என்று விட்டுவிட்டார்.

1937-ல் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் சென்னையில் ஆராய்ச்சி செய்து, அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து எடுத்தார்கள். ஆம், காயைத் தொட்டால் சுணை பட்டு அரிக்குமே, அந்தப் பூனைக்காலிதான்!

முயல் சோதனை

1957-ல் சுவீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தி வேரில் உள்ள 'ரிசர்பைன்' மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். மூளையில் டோபமைன் வற்றியது. முயல்கள் காது தொங்கி, அசையாமல் கிடந்தன. பிறகு லெவோடோபாவை ஊசி மூலம் செலுத்தினார். சிறிது நேரத்தில் எழுந்து ஓடின! 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1961-ல் வியன்னா டாக்டர்கள் நோயாளிகளுக்கே இந்த ஊசியைப் போட்டார்கள். படுத்தே கிடந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சில மணி நேரம்தான். ஆனாலும் அதுவரை அப்படி நடந்ததில்லை.

இன்றும் இதுவே முக்கிய மருந்து. வாந்தியைக் குறைக்க வேறொரு மருந்தும் சேர்த்து மாத்திரையாகத் தருகிறார்கள்.

ஆனால் சாகிற அணுக்களை இது காப்பாற்றுவதில்லை. குறையும் டோபமைனை ஈடு செய்கிறது, அவ்வளவுதான். அணுக்களையே காக்கும் பொருள் செடியில் உண்டா என்று தேடுகிறார்கள். மஞ்சளும் தேயிலையும்கூடச் சோதனைக்கு வந்தன. மனிதரிடம் உறுதியானது இதுவரை ஒன்றுமில்லை.

"அப்படியானால் பூனைக்காலிப் பொடியே போதுமே!" என்று சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே மோசமாகலாம். பொடியில் மருந்து எவ்வளவு என்பது விதைக்கு விதை மாறும். மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் அளவு மீறும். கை கால் தானாக ஆடும். இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும்.

தாத்தா பொடி சாப்பிடுகிறாரா? அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, அந்தப் பொட்டலத்தையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.