பாட்டுப் பெட்டிக்குள் ஒரு வகுத்தல் கணக்கு

8.5 சென்டிமீட்டர் நீளம், 5.6 சென்டிமீட்டர் அகலம். இந்த ஒரே பலகையில் முழுக் கணினியும் அடங்கிவிடுகிறது. பெயர் ராஸ்பெர்ரி பை. பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாக்கினார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? ரோபோ செய்தார்கள், வானிலை அளந்தார்கள், நிறையப் பேர் பாட்டுப் பெட்டி செய்தார்கள்.

கோப்பைத் திறந்து பாட்டை ஓடவிட வேண்டியதுதானே, இதில் என்ன பெரிய வேலை என்கிறீர்களா? சிடியில் உள்ள பாட்டு என்பது வெறும் எண்களின் வரிசை. ஒலி அலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதியிருப்பார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் 2 பைட். இடது காதுக்கு ஒரு வரிசை, வலது காதுக்கு இன்னொன்று. ஆக, ஒரே நொடிக்கு 1,76,400 பைட்! நான்கு நிமிடப் பாட்டு என்றால் 4 கோடியைத் தாண்டிவிடும்.

எண்களை அனுப்புவது சுலபம். நேரம் தவறாமல் அனுப்புவதுதான் பாடு. அந்தச் சின்னப் பலகையில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மெமரி கார்டைப் படிப்பது, வைஃபையைக் கவனிப்பது என்று ஆயிரம் வேலை. ஒரு கணம் பராக்குப் பார்த்தாலும் பாட்டு அறுந்து 'டப்' என்று கேட்கும். அதனால் நினைவகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, வரப்போகும் எண்களை முன்கூட்டியே நிரப்பிவைக்கிறார்கள். இதுதான் பஃபர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி: மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வரும்.

இந்த வேலைகளைச் செய்யும் மென்பொருள்களில் எனக்குப் பிடித்தது 'மியூசிக் பிளேயர் டீமன்'. சுருக்கமாக எம்பிடி. இதற்குத் திரையே கிடையாது! பின்னணியில் காத்துக்கொண்டே இருக்கும். வலையமைப்பு வழியே 'பிளே' என்று எழுதி அனுப்பினால் பாடும். 'பாஸ்' என்றால் நிறுத்தும். 'ஓகே' என்று பதிலும் சொல்லும். பட்டன்களும் படங்களும் காட்டுவது வேறொரு நிரலின் வேலை. இது கட்டற்ற மென்பொருள். மூலநிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம். அதனால்தான் வால்யூமியோ, மூட் போன்ற பாட்டுப் பெட்டி மென்பொருள்களை உருவாக்கியவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதவில்லை. எம்பிடியை உள்ளே வைத்து, மேலே அழகான முகப்பைக் கட்டினார்கள்.

இனி அந்த வகுத்தல் கணக்கு. முதல் ராஸ்பெர்ரி பையில் ஒரு படிகம் நொடிக்கு 1,92,00,000 முறை துடிக்கும். அந்தத் துடிப்பை வைத்துத்தான் கணினி நேரம் பார்க்கிறது. அந்த எண்ணை 44,100ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு 435, மீதி 16,500. மீதியின்றி வகுபடவில்லை! சராசரிக் கணக்கு சரியாக வந்தாலும், எண்களுக்கு இடையிலான நேரம் இம்மியளவு முன்பின் ஆகும். காதுக்குத் தெரியுமா? என் காதுக்குத் தெரிந்ததில்லை. ஆனால் இசைப் பித்தர்கள் விடுவார்களா?

எண்களை மின் அலையாக மாற்றும் துணைப் பலகை ஒன்றை மேலே பொருத்தினார்கள். அதற்கு டேக் என்று பெயர். சில டேக் பலகைகளில் சொந்தப் படிகமே உண்டு. நொடிக்கு 2,25,79,200 துடிப்பு. இதை 44,100ஆல் வகுத்தால் மிகச் சரியாக 512. அதாவது 2ஐ ஒன்பது முறை எழுதிப் பெருக்கினால் வரும் எண். கணினிக்குப் பாதி பாதியாகக் குறைப்பது கைவந்த கலை என்பதால் 512 அதற்கு மிகவும் வசதி. இப்போது தாளம் போடுவது துணைப் பலகை. அந்தத் தாளத்துக்கு எண்களைக் கொடுப்பது மட்டும் கணினியின் வேலை.

அந்தப் பலகைகளில் இரண்டாவதாக இன்னொரு படிகமும் இருக்கும். வீடியோக்களின் ஒலியில் பெரும்பாலும் நொடிக்கு 48,000 எண்கள் இருக்குமே, அதற்காக. அப்படியானால் அது நொடிக்கு எத்தனை முறை துடிக்க வேண்டும்? 512ஐ வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். விடை ராஸ்பெர்ரி பையின் லினக்ஸ் மூலநிரலிலேயே எழுதியிருக்கிறது. போட்டு முடித்த பிறகு திறந்து சரிபாருங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.